கழிப்பறையில் எதைத் தொட்டீர்கள்?

“எனக்கு வரலைம்மா.”

இந்தப் பொய்யைச் சொல்லாத பிள்ளை உண்டா? நெடுஞ்சாலை ஓரத்து மோட்டலில் பேருந்து நிற்கும். “வண்டி பத்து நிமிஷம் நிக்கும், பாத்ரூம் போறவங்க போயிட்டு வந்துடுங்க!” என்று கண்டக்டர் கூவுவார். அம்மா தட்டி எழுப்புவார். அடிவயிறு முட்டிக்கொண்டுதான் இருக்கும். ஆனால் அந்த ஈரத் தரையும், தாழ்ப்பாள் இல்லாத கதவும், தூரத்திலேயே மூக்கைத் துளைக்கும் வாடையும் நினைவுக்கு வந்தவுடன் வாய் தானாகவே சொல்லிவிடும்: வரலை. பள்ளிக்கூடத்திலும் இதே கதைதான். காலையில் கிளம்பினால் மாலை வீடு திரும்பும்வரை தண்ணீர் பாட்டிலைத் திறக்காமலே பொழுதை ஓட்டுகிற பிள்ளைகள், அதிலும் பெண்பிள்ளைகள், நிறையப் பேர்.

ஏன் என்று கேட்டால் ஒரு காரணம் தயாராக இருக்கும். “அங்கே போனா நோய் வரும்.”

வருமா? வரலாம். ஆனால் நாம் எந்த இடத்தைப் பார்த்துப் பயப்படுகிறோமோ அந்த இடம் பெரும்பாலும் நம்மை ஒன்றும் செய்வதில்லை. எதைக் கவனிக்காமல் தொட்டுவிட்டு வெளியே வருகிறோமோ அதில்தான் விஷயம் இருக்கிறது. இன்றைக்கு அதைக் கொஞ்சம் துருவிப் பார்ப்போம். முகம் சுளிக்கக் கூடாது. அறிவியலில் அசிங்கம் என்று ஒன்று கிடையாது.

முதலில் உட்காரும் இடம். வெஸ்டர்ன் டாய்லெட்டின் பிளாஸ்டிக் வளையத்தில் நமக்கு முன்னால் யார் யாரோ உட்கார்ந்திருப்பார்கள், அவர்களுடைய நோயெல்லாம் நம்மேல் ஒட்டிக்கொள்ளும் என்பது பெரியவர்களுக்கே இருக்கிற பயம். நம் தோல் அவ்வளவு ஏமாளி இல்லை. அதன் வெளி அடுக்கு முழுவதும் இறந்துபோன செல்கள், நெருக்கி நெருக்கி அடுக்கப்பட்டவை. வைரஸ் பெருக வேண்டுமென்றால் உயிருள்ள செல் ஒன்றுக்குள் நுழைந்தாக வேண்டும். செத்த செல்லை வைத்துக்கொண்டு அதனால் ஒன்றும் செய்ய முடியாது. பாக்டீரியாவுக்கு ஈரம் வேண்டும். தொடையின் தோலோ வறண்டும், சற்றே அமிலத்தன்மையோடும் இருக்கிறது. போதாக்குறைக்கு, ஏற்கெனவே அங்கே குடியிருக்கும் நம் சொந்த பாக்டீரியாக்கள் புதிதாக வருகிறவர்களுக்கு லேசில் இடம் விடுவதில்லை. புண்ணோ சிராய்ப்போ இருந்தால் மட்டும் கவனம் வேண்டும். வளையம் ஈரமாக இருந்தால் துடைத்துவிட்டு உட்காரலாம். நம் ஊர் இந்தியன் டாய்லெட்டில் இந்தப் பேச்சுக்கே இடமில்லை. அங்கே உடம்பு எதிலும் படுவதில்லை, பாதம் படும் இடத்திலும் செருப்பு இருக்கிறது.

வளையத்துக்குப் பயந்து சிலர் ஒரு வித்தை செய்வார்கள். உட்காரவும் மாட்டார்கள், நிற்கவும் மாட்டார்கள், பாதி குனிந்து அந்தரத்தில் நிற்பார்கள். பிரிட்டனில் பெண்களிடம் நடத்தி 1991-இல் வெளியான ஓர் ஆய்வு இதை அளந்தே பார்த்தது. பொதுக் கழிப்பறையில் பெரும்பாலோர் இப்படித்தான் செய்கிறார்கள் என்றும், அப்போது சிறுநீர் முழுவதும் வெளியேறாமல் பைக்குள்ளேயே கூடுதலாகத் தங்கிவிடுகிறது என்றும் தெரிந்தது. தொடைத் தசைகள் இறுகி நிற்கும்போது சிறுநீர்ப் பையின் வாயைச் சுற்றியுள்ள தசைகளும் தளர்வதில்லை. நன்றாகக் குந்தினால் தொல்லை இல்லை, நன்றாக உட்கார்ந்தாலும் தொல்லை இல்லை. நடுவில் தொங்குவதுதான் தகராறு. தவிர, இப்படி நிற்கிறவர்கள்தான் வளையத்தை நனைத்துவிட்டும் போகிறார்கள்!

தங்கிவிட்டால் என்ன என்று கேட்பீர்கள். இங்கேதான் ஓர் ஆச்சரியம் இருக்கிறது. “பாத்ரூம் சரியில்ல, அதான் யூரின் இன்பெக்‌ஷன் வந்துடுச்சு” என்று வீட்டில் பேசிக் கேட்டிருப்பீர்கள். அந்தத் தொற்றில் பத்துக்கு எட்டை உண்டாக்குவது ஈ.கோலி என்ற பாக்டீரியா. தியோடார் எஷெரிக் என்ற குழந்தை மருத்துவர் 1885-இல் கைக்குழந்தைகளின் மலத்தில் அதைக் கண்டுபிடித்தார். அது உங்கள் குடலில் இருக்கிறது, என் குடலிலும் இருக்கிறது, குடலுக்குள் இருக்கும்வரை பெரும்பாலும் சமர்த்தாகவே இருக்கிறது. அங்கிருந்து ஆசனவாய் வழியாக வெளியே வந்து, தோலில் ஊர்ந்து, சிறுநீர்க் குழாய்க்குள் ஏறினால்தான் வம்பு. ஆக, அந்தக் கிருமி பெரும்பாலும் முன்பின் தெரியாத யாரோ ஒருவருடையது இல்லை; நம்முடையதே. பெண்பிள்ளைகளுக்கு இந்தக் குழாய் மிகவும் குட்டை. வளர்ந்த பெண்ணுக்கே ஏறக்குறைய 4 செ.மீ.தான், ஆணுக்கு 20 செ.மீ. வரை. கழுவும்போது முன்னிருந்து பின்னாகக் கழுவ வேண்டும் என்று அம்மா சொல்வதற்குக் காரணம் இதுதான்.

ஏறி வரும் கிருமியை விரட்ட உடம்பிடம் ஓர் எளிய வழி இருக்கிறது. நன்றாகத் தண்ணீர் குடித்து அவ்வப்போது சிறுநீர் கழித்தால் அந்த ஓட்டமே அதை அடித்துக்கொண்டு போய்விடும். அடக்கினால்? ஈ.கோலிக்கு நல்ல சாப்பாடும் உடம்புச் சூடும் கிடைத்தால் 20 நிமிடத்துக்கு ஒருமுறை ஒன்று இரண்டாகும். காலை 9 மணிக்கு ஒரே ஒரு பாக்டீரியா என்று வைத்துக்கொள்ளுங்கள். மாலை 4 மணிக்குள் 21 முறை இரட்டிக்கும். கணக்குப் போட்டுப் பாருங்கள், 20 லட்சத்தைத் தாண்டும். சிறுநீருக்குள் அது அவ்வளவு வேகமாகப் பெருகாதுதான். ஆனாலும் தேங்கிய நீரில் பெருகும் என்பதில் சந்தேகமில்லை. ஒன்பது வயதுப் பிள்ளையின் சிறுநீர்ப் பை சுமார் 300 மில்லி லிட்டர் பிடிக்கும். அது நாள் முழுக்க அடைத்து வைக்கிற தொட்டி கிடையாது.

நோய் வரும் என்று பயந்து அடக்குகிற பிள்ளைக்கு, அடக்கியதாலேயே நோய் வருகிறது. இதைவிட அநியாயம் வேறு என்ன இருக்கிறது? பள்ளிக் கழிப்பறையில் தாழ்ப்பாள் வேலை செய்யவில்லை, தண்ணீர் வரவில்லை என்றால் அதைச் சரிசெய்ய வேண்டியது பெரியவர்களின் வேலை. ஆசிரியரிடம் போய்ச் சொல்லுங்கள். வெட்கப்பட வேண்டியவர் நீங்கள் இல்லை.

சரி, அப்படியானால் பொதுக் கழிப்பறையில் உண்மையில் யார்தான் வசிக்கிறார்கள்? இதைத் தெரிந்துகொள்ள அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில் ஒரு குழு கிளம்பியது. 12 பொதுக் கழிப்பறைகள், ஆண்களுக்கு 6, பெண்களுக்கு 6. ஒவ்வொன்றிலும் கதவுக் கைப்பிடி, குழாயின் திருகு, சோப்புப் பெட்டி, உட்காரும் வளையம், ஃப்ளஷ் பிடி, தரை என்று 10 வகையான இடங்களைப் பஞ்சுக் குச்சியால் துடைத்து எடுத்தார்கள். அந்தப் பஞ்சில் ஒட்டியிருந்த பாக்டீரியாக்களின் டிஎன்ஏவைப் படித்தார்கள். 2011-இல் முடிவு வெளியானது.

ஒரே அறைக்குள் மூன்று வேறு வேறு நாடுகள் இருந்தன என்றே சொல்ல வேண்டும். கைபடும் இடங்களான கதவிலும் குழாயிலும் சோப்புப் பெட்டியிலும் மனிதத் தோலில் வாழும் பாக்டீரியாக்கள். வளையத்திலும் ஃப்ளஷ் பிடியிலும் குடலிலிருந்து வந்தவை. தரையில் மண்ணில் வாழ்பவை. எல்லாம் செருப்பிலும் ஷூவிலும் ஏறி வந்தவை. எல்லா இடத்தையும்விட அதிக வகைகள் இருந்தது தரையில்தான்.

இதில் ஒரு வேடிக்கை. சில ஃப்ளஷ் பிடிகளில், தரையில் இருக்க வேண்டிய மண் பாக்டீரியாக்கள் இருந்தன. மண் எப்படி அவ்வளவு உயரம் ஏறியது? யோசித்துப் பாருங்கள், பிறகு அடுத்த வரியைப் படியுங்கள். கையால் தொட அருவருத்து, காலைத் தூக்கி ஷூவால் ஃப்ளஷை அழுத்துகிறவர்கள் இருக்கிறார்கள்! யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துச் செய்ததை பாக்டீரியா போட்டுக்கொடுத்துவிட்டது. அடுத்து வருகிறவர் அதே பிடியைக் கையால் அழுத்துவார் என்பதை அந்த ஷூக்காரர்கள் யோசிப்பதில்லை.

இந்த இடத்தில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். டிஎன்ஏ கிடைத்தது என்றால் அந்த பாக்டீரியா உயிரோடு இருந்தது என்று பொருளில்லை. சான் டியேகோ நகரத்துப் பல்கலைக்கழகக் கழிப்பறைகளில் செய்து 2015-இல் வெளியான இன்னோர் ஆய்வு இதைத் தொடர்ந்து பார்த்தது. கழிப்பறையை நன்றாகக் கிருமி நீக்கிவிட்டுத் திறந்துவிட்டார்கள். முதலில் குடல் பாக்டீரியாக்கள் வந்து சேர்ந்தன. சில மணி நேரத்திலேயே அவை மங்கி, தோல் பாக்டீரியாக்களின் கை ஓங்கிவிட்டது. காரணம் எளிது. குடலில் வாழும் பாக்டீரியாக்களில் பெரும்பாலானவற்றுக்கு ஆக்சிஜன் ஆகாது. நமக்கு உயிர் தரும் காற்று அவற்றுக்கு நஞ்சு. வெளிச்சத்திலும் காற்றிலும் வறண்ட பரப்பிலும் அவை தாக்குப்பிடிப்பதில்லை. கழிப்பறைக்கு ஜன்னல் வேண்டும், தரை காய வேண்டும் என்று சொல்வதில் இத்தனை அறிவியல் இருக்கிறது.

அப்பாடா என்று எழுந்து போய்விடாதீர்கள். தாக்குப்பிடிக்கிறவையும் உண்டு.

1968 அக்டோபரில் அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்தில் நார்வாக் என்ற ஊரின் தொடக்கப் பள்ளி ஒன்றில் பிள்ளைகள் திடீரென வாந்தி எடுக்கத் தொடங்கினார்கள். இரண்டு நாளுக்குள் மாணவர்களும் ஆசிரியர்களுமாக ஏறக்குறைய பாதிப்பேர் படுத்துவிட்டார்கள். அவர்களிடமிருந்து வீட்டில் இருந்தவர்களுக்கும் பரவியது. எந்த பாக்டீரியாவும் அகப்படவில்லை. 4 ஆண்டுகள் கழித்து, 1972-இல், ஆல்பர்ட் கபிகியன் என்ற விஞ்ஞானி எலக்ட்ரான் நுண்ணோக்கியில் குட்டிக் குட்டி உருண்டைகளைக் கண்டார். அந்த வைரஸ் வகைக்கு இன்று நோரோவைரஸ் என்று பெயர். ஒரு மில்லிமீட்டர் நீளத்தில் 25,000 வைரஸ்களையாவது வரிசையாக நிறுத்திவிடலாம், அவ்வளவு சிறியது. நோயாளியின் ஒரு கிராம் மலத்தில் கோடிக்கணக்கில் இருக்கும். இன்னொருவருக்கு நோய் வரச் சில பத்து வைரஸ்கள் போதும். கதவுப் பிடியிலும் குழாயிலும் நாள்கணக்கில் கெடாமல் காத்திருக்கும். கல்லீரலைத் தாக்கி மஞ்சள் காமாலை கொடுக்கும் ஹெபடைடிஸ் ஏ வைரஸும் இதே மாதிரிப் பொறுமைசாலி. சீதபேதி தரும் ஷிகெல்லா பாக்டீரியாவுக்கும் நூறுக்குள்ளான எண்ணிக்கையே போதும்.

ஆனால் இவை எதுவும் தொடை வழியாக உள்ளே போவதில்லை. எல்லாவற்றுக்கும் ஒரே வழிதான், வாய். ஒருவருடைய குடலிலிருந்து புறப்பட்டு இன்னொருவருடைய வாய்க்குள் போய்ச் சேர வேண்டும். கேட்கவே குமட்டுகிறது. ஆனாலும் உலகத்தில் தினமும் நடக்கிறது. அதற்கு வண்டி ஓட்டுவது நம் விரல்கள்.

நம் வீடுகளில் ஒரு பழக்கம் உண்டு. கழுவுவதற்கு இடது கை, சாப்பிடுவதற்கு வலது கை. நல்ல ஏற்பாடுதான். ஆனால் அதில் ஓர் ஓட்டை இருக்கிறது. கழிப்பறைக்குள் உங்கள் வலது கை என்ன செய்துகொண்டிருந்தது? தாழ்ப்பாளைப் போட்டது. குழாயைத் திறந்தது. மக்கைப் பிடித்தது. அந்த மக்கின் பிடியை உங்களுக்கு முன்னால் நூறு பேர் பிடித்திருப்பார்கள். அவர்களில் சிலர் இடது கையால் கழுவிவிட்டு அதே கையால் மக்கை மாற்றிப் பிடித்திருப்பார்கள். கழுவிய கையாலேயே குழாயை மூடியிருப்பார்கள். நாம் வெளியே வந்து இடது கையை மட்டும் நறநறவென்று தேய்க்கிறோம். வலது கையை ஒப்புக்கு நனைத்துவிட்டு, அதே கையால் முறுக்கு பாக்கெட்டைப் பிரிக்கிறோம். அந்த மூன்றையும், அதாவது தாழ்ப்பாள், குழாய், மக் ஆகியவற்றைத்தான் நான் கழிப்பறையின் உண்மையான ஆபத்தான இடங்கள் என்பேன். வாளித் தண்ணீருக்குள் கையை விட்டு அலசுவதையும் இந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

“நான் வெளியே வந்து எதையும் சாப்பிடவில்லையே” என்று ஒருவர் சொல்லலாம். சாப்பிட வேண்டியதில்லை. ஆஸ்திரேலியாவில் மருத்துவ மாணவர்கள் வகுப்பில் உட்கார்ந்திருந்ததை வீடியோ எடுத்துப் பார்த்தார்கள். 2015-இல் வெளியான கணக்குப்படி ஒருவர் ஒரு மணி நேரத்தில் சராசரியாக 23 முறை தன் முகத்தைத் தொட்டார். அவற்றில் ஏறக்குறைய பாதி வாய், மூக்கு, கண். கிருமிகளைப் பற்றிப் படிக்கிறவர்களின் லட்சணமே இது! பிரிட்டனில் 2011-இல் செல்போன்களைப் பஞ்சால் துடைத்துப் பார்த்தபோது ஆறில் ஒன்றில் மலத்திலிருந்து வந்த பாக்டீரியா இருந்தது. போனைக் கழிப்பறைக்குள் எடுத்துப் போகிற அண்ணன்மாருக்கு இதைப் படித்துக் காட்டுங்கள். கையைக் கழுவலாம், போனை யார் கழுவுகிறார்கள்?

இப்போது சோப்புக்கு வருவோம். வடை சாப்பிட்ட கையை வெறும் தண்ணீரில் கழுவினால் பிசுபிசுப்பு போவதில்லை. கிருமிகளும் நம் தோலின் எண்ணெய்ப் பசையில்தான் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. சோப்பின் மூலக்கூறு தலைப்பிரட்டை போல ஒரு தலையும் நீண்ட வாலுமாக இருக்கும். தலைக்குத் தண்ணீர் பிடிக்கும், வாலுக்கு எண்ணெய் பிடிக்கும். வால்கள் எண்ணெய்க்குள் குத்திக்கொள்ள, தலைகளைத் தண்ணீர் இழுக்க, எண்ணெய்ப் பசை துணுக்குத் துணுக்காகப் பெயர்ந்து, கூடவே கிருமிகளையும் சேர்த்துக்கொண்டு ஓடிவிடுகிறது. கொரோனா மாதிரி கொழுப்பு உறை போர்த்திய வைரஸாக இருந்தால் சோப்பு அந்த உறையையே கிழித்துவிடும். நோரோவைரஸுக்கு அந்த உறை கிடையாது. அதைச் சோப்பு கொல்வதில்லை, பெயர்த்துத் தள்ளுகிறது. நமக்கு அது போதும்.

அதனால்தான் சானிடைசரை முழுக்க நம்பக் கூடாது என்கிறேன். அதிலிருக்கும் ஆல்கஹால் உறையுள்ள வைரஸ்களை ஒரு கை பார்த்துவிடும். உறையில்லாத நோரோவைரஸிடம் அதன் ஜம்பம் அவ்வளவாகச் செல்லாது. கையில் அழுக்கும் பிசுக்கும் இருந்தால் இன்னும் மோசம். தண்ணீரே இல்லாத இடத்தில் சானிடைசர் இருக்கட்டும். தண்ணீர் இருந்து சோப்பு இல்லையென்றால்? ஸ்டேஷனரிக் கடையில் பேப்பர் சோப் கிடைக்கும். சின்ன டப்பிக்குள் இலை இலையாக இருக்கும், சட்டைப் பையில் வைத்துக்கொள்ளலாம். அங்கேயே யாரோ தேய்த்துக் கரைந்த கட்டி சோப்பு கிடந்தால் அதையும் தயங்காமல் எடுக்கலாம். சோப்புக் கட்டியில் வேண்டுமென்றே பாக்டீரியாவைத் தடவிக் கைகழுவச் சொல்லிப் பார்த்திருக்கிறார்கள். கழுவிய கைக்கு அது வந்து சேரவில்லை.

20 விநாடி தேய்க்க வேண்டும். பிறகு கை காய வேண்டும், இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். ஈரக் கையில்தான் கிருமிகள் சுலபமாக ஏறி இறங்கும். கைக்குட்டை இல்லாவிட்டால் கையை உதறிக்கொண்டே நடங்கள், சட்டையில் துடைத்தால் அம்மா திட்டுவார். திறக்கும்போது அழுக்குக் கையால் தொட்ட குழாயை மூடும்போது என்ன செய்வது? சோப்பு நுரையோடு இருக்கும்போதே அந்தத் திருகையும் ஒரு தேய்ப்பு தேய்த்துவிட்டு, ஒரு கை தண்ணீர் அள்ளி ஊற்றிவிடுங்கள். உங்களுக்கு அடுத்து வருகிறவருக்கும் அது நல்லது.

கையைப் பற்றியே பேசிக்கொண்டிருந்ததில் காலை மறந்துவிட்டோம். ஜெர்மனியைச் சேர்ந்த ஆர்தர் லூஸ் என்ற விஞ்ஞானி எகிப்தின் கெய்ரோ நகரில் கொக்கிப் புழுவை ஆராய்ந்துகொண்டிருந்தார். குடலில் கொக்கி போட்டுத் தொங்கி இரத்தம் குடிக்கும் புழு அது. மலத்தோடு வெளியே வரும் அதன் முட்டை ஈர மண்ணில் பொரிந்து நுண்ணிய இளம்புழுவாகும். அதை நாம் விழுங்கினால்தான் நோய் வரும் என்று அப்போது எல்லாரும் நினைத்தார்கள். லூஸும் அப்படி நினைத்துத்தான் கினிப் பன்றிகளின் வாயில் இளம்புழு கலந்த நீரைச் சொட்டுச் சொட்டாக விட்டுக்கொண்டிருந்தார். ஒரு சொட்டு தவறி அவர் கையில் விழுந்தது. சிறிது நேரத்தில் அந்த இடம் அரித்தது, சிவந்தது. வேறொருவராக இருந்தால் சொறிந்துவிட்டு மறந்திருப்பார். லூஸ் அந்த நீரை எடுத்துப் பார்த்தார். வெறும் தோல் கூடுகள்தான் இருந்தன, புழுக்களைக் காணோம். எங்கே போயின? அதற்குப் பிறகு தன் மலத்தையே விடாமல் சோதித்துவந்தார். சில வாரங்கள் கழித்து அதில் கொக்கிப் புழுவின் முட்டைகள் இருந்தன! புழு தோலைத் துளைத்துக்கொண்டு நேரே உள்ளே போயிருக்கிறது. அங்கிருந்து இரத்தத்தில் ஏறி நுரையீரல், நுரையீரலிலிருந்து தொண்டை, தொண்டையிலிருந்து விழுங்கப்பட்டுக் குடல் என்று அதன் பயணம். 1898-இல் அவர் இதை எழுதியபோது பலர் நம்பவில்லை.

தோல் நல்ல காவல்காரன் என்று சற்று முன்னால் சொன்னேன். காவல்காரனையும் ஏய்க்கிற திருடன் இவன். சிமென்ட் தரையில் இவனுக்கு வேலையில்லை. கழிப்பறைக்குப் பின்புறம், வேலியோரம், யாராவது வெளியே போகிற ஈர மண்ணில்தான் இருப்பான். செருப்பில்லாமல் அந்தப் பக்கம் போகாதீர்கள். சிமென்ட் தரையில் எப்போதும் தண்ணீர் நின்றால் விரலிடுக்கில் சேற்றுப்புண் வரும், அது ஒரு பூஞ்சையின் வேலை. அதற்கும் செருப்பே மருந்து. பிப்ரவரி 10 தேசியக் குடற்புழு நீக்க நாள். பள்ளியில் அல்பெண்டசோல் மாத்திரை கொடுத்தால் மறைத்து வைத்துத் தூக்கிப் போடாமல் மென்று விழுங்குங்கள்.

கையும் காலும் ஆயிற்று, இனி காற்று. ஃப்ளஷ் அழுத்தும்போது என்ன நடக்கிறது என்பதை அதே கொலராடோ பல்கலைக்கழகத்தில் ஜான் கிரிமால்டி என்ற பொறியியலாளர் பச்சை லேசர் ஒளியில் படம் பிடித்தார். 2022 டிசம்பரில் வெளியானது. வெறும் தண்ணீர்தான், வேறொன்றும் இல்லை. மூடியில்லாத, வேகமாகப் பீய்ச்சும் அமெரிக்கப் பொதுக் கழிப்பறைக் கோப்பை அது. 8 விநாடிக்குள் நுண்துளிகள் 1.5 மீட்டர் உயரத்துக்குக் கிளம்பின. உங்களில் பலருடைய மூக்கின் உயரம்! மூடியைச் சாத்தினால் பெரிய துளிகள் நிற்கும். வைரஸ் அளவு துகள்கள் இடுக்கு வழியாகத் தப்பித்துவிடுகின்றன என்று 2024-இல் இன்னோர் ஆய்வு சொன்னது. படம் பார்க்கப் பயங்கரமாகத்தான் இருக்கிறது. ஆனால் துளி பறப்பது வேறு, நோய் வருவது வேறு. கிரிமால்டி காட்டியது முதலாவதை மட்டும். ஃப்ளஷை அழுத்திவிட்டு உள்ளேயே எட்டிப் பார்த்துக்கொண்டிருக்காமல் வெளியே வந்தால் சரி. நாம் மக்கால் மெல்ல ஊற்றுவதில் இந்த வாணவேடிக்கை அவ்வளவு இருக்காது.

வாடை? வாடை வேறு, கிருமி வேறு. 1858 கோடையில் லண்டனில் தேம்ஸ் ஆறு நாறி, நாடாளுமன்றத்துத் திரைகளைக் குளோரைடு சுண்ணாம்பில் நனைத்துத் தொங்கவிட்டார்கள். நாற்றம்தான் காலராவைக் கொண்டுவருகிறது என்று அப்போது நம்பினார்கள். பயந்துபோய் ஊர் முழுக்கப் பாதாளச் சாக்கடை கட்டினார்கள். காலரா குறைந்தது உண்மை. குறைந்ததற்குக் காரணம் குடிதண்ணீரிலிருந்து மலம் விலகியது. தப்பான காரணத்துக்காகச் செய்த சரியான வேலை!

சாக்கடைக் காற்று வீட்டுக்குள் வராமல் இருக்க ஒரு சின்ன உபாயம் இருக்கிறது. கழிப்பறைக் கோப்பையின் அடியில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் நிற்கிறதே, ஏன் என்று யோசித்திருக்கிறீர்களா? குழாயை அங்கே வளைத்திருப்பார்கள். வளைவில் தேங்கிய நீர் காற்றை மறித்துவிடும். அலெக்சாண்டர் கம்மிங் என்ற ஸ்காட்லாந்துக் கடிகாரக்காரர் 1775-இல் இதற்கு உரிமம் வாங்கினார். குளியலறைத் தரையின் நீர்ப்போக்கிலும் இதே வளைவு உண்டு. 2003-இல் ஹாங்காங்கின் அமோய் கார்டன்ஸ் என்ற அடுக்குமாடிக் குடியிருப்பில் 300 பேருக்கு மேல் சார்ஸ் நோய் பரவியது. தேடிப் பார்த்தபோது பல வீடுகளின் தரை வளைவில் தண்ணீர் வற்றிக் காய்ந்திருந்தது தெரியவந்தது. மின்விசிறி காற்றை வெளியே இழுக்க, சாக்கடைக் குழாயிலிருந்து கிருமித் துளிகள் அந்தக் காய்ந்த வளைவு வழியாக உள்ளே வந்திருக்கின்றன. ஊருக்குப் போய்த் திரும்பியதும் பாத்ரூமில் வாடை வந்தால், தரை ஓட்டையில் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றுங்கள்.

நாம் உள்ளே இருப்பது சில நிமிடம். தூய்மைப் பணியாளர் நாள் முழுக்க அங்கேயே நிற்கிறார், குனிந்து தேய்க்கிறார், தெறிப்பதெல்லாம் அவர் முகத்தில் தெறிக்கிறது. இந்தக் கட்டுரையில் சொன்ன அத்தனை கிருமிகளிடமும் உண்மையான ஆபத்து அவருக்குத்தான். கையுறையும் பூட்ஸும் முகக்கவசமும் இல்லாமல் அவரை வேலை வாங்குவது தவறு. நம்மால் ஆகக்கூடியது, போன பிறகு நன்றாகத் தண்ணீர் ஊற்றிவிட்டு வருவது.

கடைசியாக ஒரு சோதனை. 1978-இல் பிரிட்டனில் செவிலியர்களை வைத்துச் செய்தது. உங்கள் வீட்டிலும் செய்யலாம். வாட்டர் கலரில் கரும்பச்சையோ நீலமோ எடுத்துக் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் குழைத்துக்கொள்ளுங்கள். ஒரு ஸ்பூன் அளவு உள்ளங்கையில் விட்டு, கண்ணை மூடிக்கொண்டு, தினமும் சோப்புப் போட்டு எப்படிக் கழுவுவீர்களோ அப்படியே தேய்க்க வேண்டும். பிறகு கண்ணைத் திறந்து பாருங்கள். சாயம் படாமல் வெறுமையாக நிற்கும் இடங்கள்தான் உங்கள் சோப்பு எட்டாத இடங்கள். அந்தச் செவிலியர்கள் அதிகமாகத் தவறவிட்டது கட்டைவிரல், விரல் நுனி, விரலிடுக்கு. தாழ்ப்பாளைத் தள்ளுவதும் மூக்கைக் குடைவதும் எந்த விரல் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். வலது கையையும் இடது கையையும் தனித்தனியாகத் தாளில் வரைந்து வெறுமையான இடங்களைக் குறியுங்கள். தாத்தா, அப்பா, தங்கச்சி என்று எல்லாரையும் உட்கார வைத்துச் செய்து பார்த்து, யாருடைய கையில் வெறுமை அதிகம் என்று எங்களுக்கு எழுதுங்கள். சாயம் வீட்டுத் துண்டில் பட்டால் அதற்கு நான் பொறுப்பில்லை.